நியாஸ் தீவோட கல் தாண்டல்: சண்டை ஓய்ஞ்சு நூறு வருஷம் ஆச்சு, குதிக்கிறது மட்டும் ஏன் நிக்கல?

இந்தோனேசியாவோட பழைய 1000 ருபியா நோட்டு, அதாவது 1992ல வந்த சீரிஸ், யார்கிட்டயாவது இருந்தா திருப்பிப் பாருங்க. முன்பக்கம் தோபா ஏரி. பின்பக்கம் ஒரு ஆள் ஆளுயரத்துக்கு மேல இருக்குற ஒரு கல்மேடையைத் தாண்டி எகிறிக் குதிக்கிறான். நோட்டுல பொதுவா தலைவர் படம், கோயில், மலை, பறவைன்னுதான் போடுவாங்க. ஒரு கிராமத்துப் பையன் கல்லு தாண்டுறத நாடு முழுக்க எல்லார் பாக்கெட்லயும் போட்டு அனுப்பியிருக்காங்கன்னா அதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்குன்னு அர்த்தம். ஆனா டூரிஸ்ட் வீடியோல எல்லாம் அந்தக் கதையை ஒரே வரில முடிச்சிடுவாங்க, "பழங்கால வீரர்கள் எதிரி மதிலைத் தாண்ட இப்படித்தான் பயிற்சி எடுத்தாங்க"ன்னு. அது பொய் இல்ல, ஆனா பாதிக் கதைதான்.

முதல்ல இடம். சுமத்ராவோட மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம், இந்தியப் பெருங்கடல்ல இருக்குற தீவு நியாஸ். சுமத்ராவோட பெரிய நகரமான மேதான்ல இருந்து ஃப்ளைட்ல ஒரு மணி நேரம் போல, இல்லன்னா சிபோல்கா துறைமுகத்துல ராத்திரி ஃபெர்ரி ஏறினா காலைல போய் இறங்கலாம். (சிபோல்காவுக்கு வடக்கே அதே கரையில இருக்குற பாருஸ் ஊர்லதான் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவரோட 1088ஆம் வருஷத்து தமிழ்க் கல்வெட்டு கிடைச்சுது, கற்பூரம் வாங்க அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டுதான் இருந்திருக்காங்க.) தீவோட பெரிய டவுன் வடகிழக்குல இருக்குற குனுங்சிதோலி, ஆனா கல் தாண்டுற ஊருங்க எல்லாம் தெற்கு முனையில, தெலுக் டாலம்ங்கற டவுனைச் சுத்தி இருக்குற மலைமேல. அதுல பேர் வாங்கினது பாவோமட்டலுவோ. குதிக்கிறதுக்கு அவங்க மொழில 'ஃபஹொம்போ'ன்னு பேர், 'ஹொம்போ பாத்து'ன்னும் சொல்றாங்க.

குதி எப்படின்னு கொஞ்சம் நிதானமா பாப்போம், ஏன்னா இதுல ஏமாத்து வேலைக்கு இடமே இல்லங்கறது பின்னாடி முக்கியமா வரும். கல்லு அடுக்கிக் கட்டின ஒரு மேடை, மேல போகப் போக குறுகும், உயரம் சுமார் 2 மீட்டர். அதுக்கு முன்னாடி தரையில சின்னதா ஒரு மிதிகல். பையன் தூரத்துல இருந்து கல்லு பாவின தெருவுல வெறுங்காலோட ஓடி வரான், கடைசி எட்டுல ஒரு காலை அந்த மிதிகல்லுல வெச்சு ஒரே உந்து, அவ்ளோதான், ரெண்டு முட்டியும் நெஞ்சுப் பக்கம் ஏறிடும், பெரிய கல்லோட தலையில கால் படாம அந்தப் பக்கம் போய் நின்னாகணும். கால் பட்டா அந்தக் குதி கணக்குல வராது. வீடியோவை ஸ்லோ பண்ணிப் பாருங்க, உச்சியில இருக்கும்போது ஆள் கிட்டத்தட்ட காத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருப்பான், சில பேர் அந்த ஒரு செகண்டுல கத்தியை வேற உருவிக் காட்டுவாங்க.

ஹை ஜம்ப் உலக சாதனை 2.45 மீட்டர், கியூபாவோட சோட்டோமேயர் 1993ல தாண்டினது, இன்னிக்கு வரைக்கும் யாரும் உடைக்கல. அதோட இதை அப்படியே வெச்சுப் பாக்குறது சரியில்ல, இங்க மிதிகல் உதவி இருக்கு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்குல்ல. ஹை ஜம்ப்ல முதுகைத் திருப்பி தலைகீழா போய் மெத்தையில விழலாம். இங்க மெத்தையே கிடையாது, கெட்டித் தரையில ரெண்டு காலும் முதல்ல பதியணும், அதனால முதுகுப் பக்கம் போற டெக்னிக்கே ஒத்து வராது. தட்டிவிட்டா விழறதுக்கு கம்பியும் இல்ல, கால் மாட்டினா கல்லு நகராது, எலும்புதான் உடையும். அந்தக் காலத்துல கல்லோட தலையில கூர் சீவின மூங்கில் முனைகளை நட்டு வெச்சு தாண்டச் சொன்னாங்கன்னு ஊர்ல சொல்றாங்க.

இப்ப அந்த எதிரி மதில் விஷயம். தெற்கு நியாஸ் ஊருங்க எல்லாம் மலை உச்சியில, செங்குத்தான கல்படி ஏறித்தான் உள்ள போகணும், அந்தக் காலத்துல சுத்தி மூங்கில் வேலி, கல்மதில் எல்லாம் இருந்திருக்கு. இவ்ளோ பாதுகாப்பு எதுக்குன்னு கேட்டா அங்கதான் டூரிஸ்ட் வீடியோ சொல்லாத பகுதி ஆரம்பிக்குது. ஊருக்கு ஊர் பகை, தலை வெட்டிக் கொண்டு வர்ற வழக்கம், அதோட அடிமை வியாபாரம். 851ல எழுதப்பட்ட ஒரு அரபு வணிகர் குறிப்புல, ஒரு தீவுல எதிரியோட தலையைக் கொண்டு வந்தாதான் ஒருத்தன் கல்யாணம் பண்ண முடியும்னு வருது, ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேர் அது நியாஸ்தான்னு சொல்றாங்க. பெரிய தலைவர் செத்தா, பெரிய வீடு கட்டினா, தலை தேவைப்பட்டது. இன்னொரு பக்கம் சுமத்ராவோட வடமுனையில இருக்குற ஆச்சேகாரங்க, அப்புறம் டச்சுக்காரங்க, வேற வியாபாரிங்க எல்லாம் நியாஸ்ல இருந்து ஆளுங்களை அடிமையா வாங்கிட்டுப் போனாங்க, பதிலுக்கு தங்கம் உள்ள வந்துச்சு. தங்கம் இல்லாத தீவுல தலைவருங்க உடம்பு முழுக்க தங்கம் போட்டுக்கிட்டு விருந்து வெச்சு கல் நட்டு அந்தஸ்து ஏத்திக்கிட்டாங்கன்னா அந்தத் தங்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிக்கணும். பக்கத்து ஊரு ஆளைப் பிடிச்சு வித்த காசும் அதுல இருக்கு. ராத்திரில போய் இன்னொரு ஊருக்குள்ள இறங்கி, தலையையோ ஆளையோ தூக்கிட்டு, ஊர் முழிக்கிறதுக்குள்ள வெளிய வந்தாகணும், அந்த வேலைக்கு வேலி தாண்டத் தெரிஞ்ச, பயம் இல்லாத, கால் பலமான பசங்க வேணும்.

ஆனா ஒண்ணு. இதை நேரடி ஒத்திகைன்னு சொல்றத நான் முழுசா ஏத்துக்கல. எதிரி ஊர் மதிலுக்கு முன்னாடி உங்களுக்குன்னு யாரும் மிதிகல் போட்டு வெச்சிருக்க மாட்டாங்க, ஓடி வர்றதுக்கு கல்லு பாவின தெருவும் இருக்காது, இருட்டுல சகதியில செங்குத்து சரிவுல ஏறித்தான் போகணும். அதனால இது பயிற்சிங்கறத விட தேர்வுன்னு பாத்தா இன்னும் பொருந்துது. ஊரே கூடி நிக்கும்போது, தலைவர் வீட்டுக்கு முன்னாடி, யார் தயங்காம போறான், யார் கடைசி எட்டுல வேகத்தைக் குறைக்கிறான்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும். கல்லை ஊருக்கு நடுவுல, பாவோமட்டலுவோல தலைவரோட பெரிய வீடு இருக்குற முற்றத்துலயே வெச்சிருக்காங்கங்கறதும் இதைத்தான் காட்டுதுன்னு எனக்குத் தோணுது. தனியா பயிற்சி எடுக்கணும்னா ஊருக்கு வெளிய வெச்சிருக்கலாமே.

சின்னப் பசங்க ஏழு எட்டு வயசுலயே ஆரம்பிச்சிடுவாங்க. எடுத்தவுடனே கல்லு கிடையாது, ரெண்டு பேர் கயிறைப் பிடிச்சுக்குவாங்க, கொஞ்சம் கொஞ்சமா உயரத்தை ஏத்துவாங்க, வயசு ஏற ஏற தைரியம் வந்தப்புறம்தான் கல்லுக்கு முன்னாடி போய் நிக்கிறது. முதல் தடவை ஒருத்தன் சுத்தமா தாண்டிட்டா வீட்ல பன்னி அடிச்சு விருந்து. நியாஸ்ல பன்னி சாதாரண விஷயம் இல்ல, கல்யாணத்துக்கு பெண்ணுக்குக் கொடுக்குற பரிசம், விருந்துல யாருக்கு எந்தத் துண்டுங்கற மரியாதை, எல்லாமே பன்னிக் கணக்குலதான் ஓடும். அதனால பன்னி அடிச்சாச்சுன்னா ஊர் அவனை ஆம்பளையா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம், கல்யாணம் பேசலாம், சண்டைன்னா முன்வரிசையில நிக்கலாம். எல்லாராலயும் முடியாது. வருஷக்கணக்கா பழகியும் தாண்டாதவங்க நிறைய, தாத்தாவோ அப்பாவோ குதிச்சவரா இருந்தா அந்த வீட்ல ஒருத்தனுக்காவது அது வரும்னு ஒரு நம்பிக்கையும் ஊர்ல இருக்கு. பொண்ணுங்களுக்கு இந்த வழக்கம் கிடையாது.

டச்சுக்காரங்க வந்தப்புறம் எல்லாம் மாற ஆரம்பிச்சுது, ஆனா ஒரேயடியா இல்ல. தெற்கு நியாஸ் அவங்களுக்கு சுலபமா மடியல. லகுந்த்ரி கடற்கரையில அவங்க கட்டின கோட்டை 1861 நிலநடுக்கத்துல போச்சு. 1863ல படையோட வந்து ஒராஹிலிங்கற ஊரை எரிச்சாங்க. அந்த ஊர் ஜனங்கதான் இடம் மாறிப் போய் மலைமேல பாவோமட்டலுவோவை உருவாக்கினாங்க. அதாவது இன்னிக்கு நாம "பழமை மாறாத ஊர்"னு போய்ப் பாக்குற இடம், காலனி படை எரிச்சதால உண்டான ஊர். அங்க இருக்குற தலைவர் வீடு, ஓமோ செபுவா, 20 மீட்டருக்கு மேல உயரம், ஒரு ஆணி கூட அடிக்காம கட்டினது, உள்ள மரப்பலகையில ஒரு டச்சுக் கப்பலைச் செதுக்கி வெச்சிருக்காங்க, பீரங்கியோட. ஊரை எரிச்சவன் கப்பலை தன் வீட்டுச் சுவர்லயே செதுக்கி வெச்சிருக்கானுங்க, அதை கேலின்னு எடுத்துக்கறதா, மரியாதைன்னு எடுத்துக்கறதா, எனக்கு பாதிப் பாதியா தோணுது.

மொத்த தீவும் டச்சு கைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான். அதுக்கு முன்னாடியே, 1865ல, டென்னிங்கர்ங்கற ஜெர்மன் மிஷனரி குனுங்சிதோலில வந்து இறங்கிட்டார். ரொம்ப வருஷம் பெருசா யாரும் மதம் மாறல. 1916ல இருந்து தீவு முழுக்க ஒரு பெரிய மனந்திரும்புதல் அலை அடிச்சுது, ஜனங்க கூட்டம் கூட்டமா அழுது பாவ அறிக்கை பண்ணி கிறிஸ்தவத்துக்கு வந்தாங்க. முன்னோருக்குன்னு வெச்சிருந்த மரச் சிலைகள் ஆயிரக்கணக்குல போச்சு, எரிச்சது பாதி, ஐரோப்பிய மியூசியத்துக்குப் போனது மீதி. தலை வெட்டுறது நின்னுச்சு, அடிமை முறை நின்னுச்சு, இன்னிக்கு நியாஸ்ல பெரும்பான்மை புராட்டஸ்டண்ட்.

இவ்ளோ போனப்புறம் குதி மட்டும் எப்படித் தப்பிச்சுது? எனக்குப் பட்ட பதில் ரொம்ப சிம்பிள். போர்வீரன் சம்பந்தப்பட்ட விஷயங்கள்லயே கொலையில இருந்து ரொம்ப சுலபமா பிரிச்சு எடுக்க முடிஞ்சது இதைத்தான். கலபுபுன்னு ஒரு கழுத்து வளையம் இருக்கு, தேங்காய் ஓட்டு வில்லைகளை கோத்து பளபளன்னு இழைச்சது, அது ஒரு காலத்துல தலை எடுத்தவன் மட்டும் போடுறது. சிலைன்னா அதுல முன்னோர் ஆவி இருக்கு. விருந்துன்னா அதுக்கு அடிமையும் தங்கமும் வேணும். குதிக்கு எதுவும் வேணாம், ஒரு பையன், ஒரு கல்லு. சர்ச்சுல பாதிரியார் பாத்தா அது உடற்பயிற்சி, டச்சு அதிகாரி பாத்தா விளையாட்டு, பின்னாடி வந்த இந்தோனேசிய அரசாங்கம் பாத்தா பண்பாடு. எவனும் தடை பண்றதுக்கு காரணமே கிடைக்கல.

அடுத்த கட்டம் கடல்ல இருந்து வந்துச்சு. 1975ல ஆஸ்திரேலிய சர்ஃபருங்க மூணு பேர் காட்டு வழியா நடந்து வந்து லகுந்த்ரி விரிகுடாவுல ஒரு அலையைப் பாத்தாங்க, வலது பக்கமா உருண்டு போற அந்த அலை கொஞ்ச வருஷத்துலயே உலக சர்ஃபர் கூட்டத்துக்கு நடுவுல பேசப்பட ஆரம்பிச்சுது, சோராகே பீச் ஓரமா ரூம், சாப்பாட்டுக் கடைன்னு வந்துடுச்சு. அலை இல்லாத நாள்ல அவங்களுக்கு என்ன வேலை? பக்கத்துல மலைமேல இருக்குற ஊருக்குப் போய் கல்லு தாண்டுறத பாக்குறது. அதே காலத்துல ஜகார்த்தா அரசாங்கம் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அடையாளம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இந்த ஊருக்கு இந்த வீடு, இந்த டான்ஸ், இந்த டிரெஸ்னு. நியாஸ்னா கல் தாண்டல்னு ஆயிடுச்சு. 1992 நோட்டு அந்த முத்திரையை நாடு முழுக்க குத்திடுச்சு.

இதுல வடக்கு நியாஸ் ஜனங்களோட கடுப்பை யாரும் கணக்குல எடுக்குறதில்ல. வடக்குல கல் தாண்டுற வழக்கமே கிடையாது, வீடே வேற மாதிரி, தெற்குல செவ்வகமா ஒட்டி ஒட்டி வரிசை வீடு, வடக்குல முட்டை வடிவத்துல தனித்தனி வீடு. தெற்குலயே கூட சில ஊர்லதான் கல்லு இருக்கு. ஆனா குனுங்சிதோலில இருந்து ஒரு பையன் மேதானுக்குப் படிக்கப் போய் நியாஸ்னு சொன்னா முதல் கேள்வி "உனக்குக் கல்லு தாண்டத் தெரியுமா?"தான். கேரளாக்காரன் ஒவ்வொருத்தனும் கதகளி ஆடுவான்னு நினைக்கிற மாதிரிதான்.

இன்னிக்கு ஷோ எப்படி நடக்குதுன்னா, பெரிய குரூப் வந்தா முதல்ல போர் நடனம், கேடயம் ஈட்டியோட வரிசையா வந்து கால் தட்டி கத்துவாங்க, சிவப்பு மஞ்சள் கறுப்பு கலர் சட்டை, முடிவுல குதி. தனியா ரெண்டு பேர் போனாலும் யாராவது ஒருத்தர் வந்து ஜம்ப் பாக்கணுமான்னு கேப்பாங்க, ரேட் பேசினப்புறம் குதிக்கிறவன் வீட்டுக்குள்ள போய் டிரெஸ் மாத்திட்டு வருவான். தெருவுல ஒரு பக்கம் பழைய கல் ஆசனங்கள் மேல துணி காயுது, நெல்லு காயுது, இன்னொரு பக்கம் சின்னப் பசங்க மரத்துல செதுக்கின குட்டிக் கல்மேடை, கழுத்து வளையம் எல்லாம் வெச்சுக்கிட்டு பின்னாடியே வருவாங்க, வாங்கலன்னா விட மாட்டாங்க.

இதைப் பாத்துட்டு "எல்லாம் கமர்ஷியல் ஆயிடுச்சு, ஒரிஜினல் போச்சு"ன்னு ரிவ்யூ எழுதுறவங்க ஏராளம். எனக்கு அந்த புலம்பல்ல உடன்பாடு இல்ல. ஒரிஜினல் வேணும்னா பக்கத்து ஊர்ல தலை வெட்டணும், அது யாருக்கும் வேணாம். டான்ஸை டூரிஸ்டுக்காக சுருக்கலாம், டிரெஸ்ஸை பளபளப்பாக்கலாம், ஆனா 2 மீட்டர் கல்லை நடிச்சுத் தாண்ட முடியாது. காசு கொடுத்தாலும் கொடுக்காட்டியும் அதே கல்லு, அதே உயரம், தப்பினா அதே எலும்பு. ஷோவுக்கு ஆள் வேணும்னாலே சாயந்திரத்துல எட்டு வயசுப் பையன் கயிறு தாண்டிப் பழகித்தான் ஆகணும். டூரிஸ்ட் காசு இல்லாம இருந்திருந்தா வேலைக்கு மேதான், பாத்தாம் தீவுன்னு போற பசங்களுக்கு நடுவுல இது ஒரு தலைமுறையில முடிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். மாறினது என்னன்னா காரணமும் பாக்குற ஆளுங்களும். முன்னாடி ஊர் பாத்துச்சு, தாண்டினவனுக்கு ஊர்ல இடம் கிடைச்சுது. இப்ப வெளியாள் பாக்குறான், தாண்டினவனுக்கு காசு கிடைக்குது, நல்லா தாண்டுறவனுக்கு ஊர்ல மதிப்பு இப்பவும் இருக்கு, ஆனா அதை வெச்சு அவனைத் தலைவர் யாரும் படைக்கு கூப்பிடப் போறதில்ல.

என்னோட கவலை குதியைப் பத்தி இல்ல, அதைச் சுத்தி இருக்குற ஊரைப் பத்தி. 2005 மார்ச் 28 ராத்திரி வந்த 8.6 நிலநடுக்கத்துல நியாஸ்ல நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, குனுங்சிதோலில கான்கிரீட் கட்டடம் வரிசையா சரிஞ்சுது. பழைய மர வீடுங்க பெரும்பாலும் தாங்கி நின்னுச்சு, கீழ நேர்த்தூணுக்கு நடுவுல சாய்வா கிராஸ் தூண் கொடுத்து கட்டியிருக்கறதால மொத்த வீடும் ஆடி அசைஞ்சு திரும்ப நின்னுக்கும். அப்படி நின்ன வீடுங்களை இப்ப காலமும் செலவும் சாய்ச்சிட்டு இருக்கு. பெரிய மரம் கிடைக்கறதில்ல, கிடைச்சாலும் விலை கட்டுப்படியாகல, ஓலைக்கூரை போய் தகரம் வந்தாச்சு, சில பேர் பாதி வீட்டை இடிச்சு சிமெண்ட் சுவர் எழுப்பிட்டாங்க. அவங்களை குத்தம் சொல்ல முடியுமா, டூரிஸ்டுக்கு போட்டோ நல்லா வரணும்னு ஒழுகுற கூரைக்குக் கீழ ஒருத்தன் குடும்பத்தோட இருக்கணுமா என்ன. 2009ல பாவோமட்டலுவோவை யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல சேத்தாங்க, உத்தேசத்துலயேதான் வருஷக்கணக்கா இருந்துச்சு. 2019ல தெலுக் டாலத்துல செயில் நியாஸ்னு பெரிய அரசு விழா நடத்தினாங்க, அதுலயும் போஸ்டர்ல முன்னாடி நிக்கிற படம் கல் தாண்டல்தான். வீட்டை ரிப்பேர் பண்றத யாரும் நோட்டுலயும் போஸ்டர்லயும் போட முடியாதுல்ல.

காசு யாருக்குப் போகுதுங்கறதும் ஒரு பிரச்சினை. ஷோவுக்குக் கொடுக்குறது குதிக்கிறவன் கைக்கு எவ்ளோ போகுது, கூட்டிட்டு வந்த கைடுக்கு எவ்ளோ, ஊர் பொதுக்கு எவ்ளோன்னு பேச்சு எப்பவும் இருக்கும். குதிக்கிறவனோட காலம் ரொம்பக் குறைவு, வேகமும் முட்டியும் ஒத்துழைக்கிற இளவயசு வரைக்கும்தான், அப்புறம் ரப்பர் வெட்டவோ வயலுக்கோ கடலுக்கோ போயாகணும். அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு அவன் வீட்டுத் தலையிலதான் விழும்.

போறவங்க இருந்தா ஒண்ணு ரெண்டு விஷயம். ரேட்டை குதிக்கிறவன்கிட்டயோ ஊர்ப் பெரியவங்ககிட்டயோ நேராப் பேசுங்க, எத்தனை குதின்னு முன்னாடியே தெளிவாக்கிக்கோங்க. மழை பேஞ்சு கல்லு ஈரமா இருந்தா கேக்கவே கேக்காதீங்க, காசுக்காக சரின்னு சொல்லிடுவான். போட்டோ ஆடிடுச்சு, இன்னொரு தடவைன்னு இலவசமா கேக்குறதும் வேணாம். மொபைல்ல பர்ஸ்ட் மோட் போட்டு, கல்லுக்கு பக்கவாட்டுல, அவன் ஓடி வர்ற வழியை மறைக்காம கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா முதல் குதியிலயே படம் கிடைச்சிடும்.